ரெட் நீ டரான்டுலா சாப்பிடவில்லை, வழுக்கை கறுத்துவிட்டது. இப்போது மண் மாற்றலாமா?

முட்டிச்சிவப்பு, பர்மிங்ஹாம்

வணக்கம். என்னிடம் ஒரு மெக்சிகன் ரெட் நீ (சிவப்பு முட்டி) டரான்டுலாச் சிலந்தி இருக்கிறது. வளர்ந்ததில்லை, காலை விரித்தால் ஆறு ஏழு சென்டிமீட்டர் வரும், ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியாது. போன மாதம் வரை போட்ட கிரிக்கெட் பூச்சியை அந்த நிமிடமே பாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது பூச்சி பக்கத்தில் வந்தால் முன்னங்காலால் தள்ளிவிட்டு மூலையில் போய் ஒதுங்கிக்கொள்கிறது, அதையும் மெதுவாகத்தான் செய்கிறது.

நிறமும் சரியில்லை. முட்டியில் இருந்த ஆரஞ்சு வெளிறி, உடம்பு முழுக்க ஒரே மங்கின பழுப்பாகிவிட்டது. வயிற்றின் பின்பக்கத்தில் முடியை உதைத்து உதைத்து ஒரு வழுக்கை விழுந்திருந்தது. அது முன்பு இளஞ்சிவப்பாக இருக்கும். இப்போது அந்த இடம் மட்டும் கன்னங்கரேல் என்று பளபளக்கிறது. அழுகுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

கடையில் வாங்கும்போதே தொட்டியை அமைத்துக் கொடுத்துவிட்டார்கள். உயரமான கண்ணாடித் தொட்டி, அடியில் ஒரு சுற்று மரப்பட்டைச் சில்லு, தொட்டிக்குக் கீழே ஹீட் மேட், மேலே கம்பி வலை மூடி. இந்தச் சில்லு சரியில்லை என்று இப்போது பலர் சொல்கிறார்கள். இந்த வார இறுதியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு மண் போடலாம் என்று இருக்கிறேன். என்ன மண் போடுவது, எவ்வளவு போடுவது? கெஞ்சிக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எட்டுக்கண்

முதலில் அந்த வார இறுதி வேலையை நிறுத்துங்கள், தொட்டியைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் சிலந்திக்கு நோய் ஒன்றும் இல்லை, சட்டை உரிக்கப் போகிறது. நீங்கள் எழுதியதில் ஒவ்வொன்றும் அதைத்தான் காட்டுகிறது. சாப்பாட்டை விட்டது, மந்தமானது, நிறம் மங்கியது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வழுக்கை. பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் உருவாகி, அதில் புது முடி முளைத்து மடிந்து படுத்திருக்கும். மேல்தோல் மெல்லியதாக இருப்பதால் அந்தக் கறுப்பு முடி வெளியே தெரிகிறது. இளஞ்சிவப்பு சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகி, பளபளப்பு வந்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வழுக்கை இல்லாத சிலந்தியில் இந்த அடையாளம் கிடைக்காது, வெறும் மங்கலை மட்டும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அந்த விதத்தில் உங்களுக்கு வேலை எளிது.

இப்போது செய்ய வேண்டியது மூன்று காரியம். தொட்டிக்குள் உயிரோடு பூச்சி இருந்தால் ஒன்று விடாமல் எடுத்துவிடுங்கள். உரித்து முடித்த சிலந்தி மெத்தென்று கிடக்கும், ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது, பசித்த ஒரு கிரிக்கெட் பூச்சி அதைக் கடித்தே கொன்றுவிடும். தண்ணீர்த் தட்டு எப்போதும் நிரம்பி இருக்கட்டும். மூன்றாவது, ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்குங்கள். சூடு அதிகமானால் டரான்டுலா மண்ணுக்குள் இறங்கித் தப்பிக்கத்தான் பார்க்கும், காட்டில் கீழே போனால் குளிர்ச்சி. உங்கள் தொட்டியில் கீழேதான் அடுப்பு. நீங்கள் சட்டையோடு சௌகரியமாக உட்கார முடிகிற அறை என்றால் அதற்கும் அதுவே போதும்.

அடுத்த சில நாட்களில் அது தரையில் வெள்ளையாக ஒரு பட்டு விரிப்பு நெய்யலாம். அப்புறம் ஒரு நாள் மல்லாந்து படுத்து, கால்களை விரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துப்போய்விட்டது என்று நினைத்துத் திருப்பிப் போட்டுக் கொன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சாகும் டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே கால்களை வயிற்றுக்கு அடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடந்தால் உரிக்கிறது. ஊதாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், குச்சியால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

உள்ளே நடப்பது என்னவென்றால், பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவில் ஒரு திரவம் சுரந்து இரண்டையும் பிரிக்கிறது, சிலந்தி தன் வயிற்றில் இருக்கும் ரத்தத்தை முன்பக்கம் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் தலைமார்பின் மேலோடு விளிம்போரம் பிளந்து டப்பா மூடி போலத் திறந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு காலாகப் பழைய காலுக்குள்ளிருந்து உருவி எடுக்கும். கொஞ்சம் இழுக்கும், ஓய்வெடுக்கும், மறுபடி இழுக்கும். சின்னக் குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பெரியதற்குப் பல மணி நேரம் ஆகும். வெளித்தோல் மட்டுமல்ல, நச்சுப் பல், மூச்சுவிடும் ஏட்டு நுரையீரலின் உட்படலம், உறிஞ்சும் இரைப்பையின் உள்தோல் எல்லாமே பழைய சட்டையோடு வந்துவிடும். இவ்வளவும் நடக்கும்போது யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

உரித்த அன்று பல்லைப் பாருங்கள், பால் வெள்ளையாக இருக்கும். அப்புறம் செம்பழுப்பாகி, கடைசியில் கறுக்கும். கறுக்கும் வரை சாப்பாடு கிடையாது. உங்கள் அளவுக்கு ஏழு முதல் பத்து நாள், வளர்ந்த பெண் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல்.

மண் மாற்றுவது எல்லாம் அதற்குப் பிறகு. மூடியை மட்டும் இப்போதே பாருங்கள். கம்பி வலையில் ஏறினால் கால் நுனி நகம் சிக்கிக்கொள்ளும், தொங்கும், விழும். துளை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைச் சத்தமில்லாமல் மேலே மாற்றி வைத்துவிடலாம்.

ஆனைமலை நார்

மண் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீட்டுத் தொழிலே அதுதான். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளைக் கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். ஐரோப்பாவில் பல்லி, பாம்பு, சிலந்தி வளர்ப்பவர்கள் கடையில் வாங்கும் காயர் கட்டிகளில் பெரும்பகுதி இலங்கையிலிருந்தும் இங்கிருந்தும் போவதுதான். 650 கிராம் கட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் எட்டு ஒன்பது லிட்டர் தூள் கிடைக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது உப்பு. தேங்காய் மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு, காயலில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடும். நாங்கள் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை இறக்கியதை லோ ஈசி என்றும், கழுவாததை ஹை ஈசி என்றும் பிரித்து விற்கிறோம். செடிக்காக வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்குவார்கள், செல்லப்பிராணிக்கு வாங்குபவர்கள் யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தியது, உரம் கலந்தது இரண்டும் நாற்றுப் பண்ணைக்கு உரியவை, சிலந்திக்கு வேண்டாம். சந்தேகமாக இருந்தால் ஊறிய தூளைத் துணியில் கட்டி இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிடுங்கள்.

ஊறவைத்ததை அப்படியே ஈரத்தோடு கொட்டிவிடக் கூடாது. ரெட் நீ வறண்ட நிலத்துப் பூச்சி. தரை ஈரமாக இருந்தால் இறங்கவே இறங்காமல் கண்ணாடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அகலமான தட்டில் பரப்பி, கையில் பிடித்தால் உதிர்கிற அளவுக்கு உலர்த்திவிட்டுப் போடுங்கள்.

எட்டுக்கண்

ஆனைமலை சொன்னது பொன்னான தகவல். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காயர் தனியாக இருந்தால் காய்ந்ததும் பஞ்சாகிவிடும், சிலந்தி தோண்டும் குழி சரிந்துகொண்டே இருக்கும். உரமும் பெர்லைட் என்ற வெள்ளைக் குறுணையும் கலக்காத தோட்ட மேல்மண் மூட்டை கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து, முஷ்டியால் நன்றாக அழுத்திக் கெட்டியாக்குங்கள். அதில் தோண்டின குழி நிற்கும். பீட் மண் இந்த வேலைக்கு நல்ல பொருள்தான், புளிப்புத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் வராது, ஆனால் சதுப்பு நிலங்களைத் தோண்டித்தான் அதை எடுக்கிறார்கள், காயர் கிடைக்கும்போது எனக்கு அதை வாங்க மனம் வருவதில்லை. தனி மணலில் குழி நிற்காது. சரளைக்கல் கூடவே கூடாது. தேவதாரு, பைன் சீவலில் இருக்கும் எண்ணெய் பூச்சி இனத்துக்கு ஆகாது.

உங்கள் மரப்பட்டைச் சில்லில் என்ன கோளாறு என்றால், முனைகள் கூர்மை, இடுக்கில் கிரிக்கெட் பூச்சி ஒளிந்துகொண்டு நீங்கள் எடுத்துவிட்டதாக நினைத்த பிறகு வெளியே வரும், தோண்டவும் முடியாது. இதைவிடப் பெரிய ஆபத்து உயரம். தரையில் வாழும் டரான்டுலாவின் வயிறு மெல்லிய தோல் பை, விழுந்தால் கிழிந்துவிடும், கிழிந்தால் பிழைப்பது அரிது. மண்ணின் மேல்மட்டத்திலிருந்து மூடி வரை இருக்கும் இடைவெளி, விரித்த கால் அளவில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுடையதற்கு அது ஒன்பது பத்து சென்டிமீட்டர்தான். உயரமான தொட்டி என்கிறீர்கள், அப்படியானால் மீதி உயரம் முழுக்க மண்தான் நிரம்ப வேண்டும், அல்லது தாழ்ந்த தொட்டி வாங்க வேண்டும். ஒரு பக்கம் கார்க் பட்டை ஒன்றைச் சாய்த்துப் பாதி புதைத்து வைத்தால் அதற்கு அடியில் வீடு கட்டிக்கொள்ளும்.

பனித்துளி

மற்ற எல்லாம் சரி. ஆனால் சட்டை உரிக்கும் நேரத்தில் ஈரப்பதம் வேண்டாமா? தினமும் ஸ்பிரே அடித்தால் தோல் இளகி எளிதாகக் கழன்று வரும் என்று எனக்குக் கடையில் சொன்னார்கள், நானும் அப்படித்தான் அடித்துவருகிறேன்.

எட்டுக்கண்

பனித்துளி அக்கா, கடைகளில் எல்லோருக்கும் இதையே சொல்கிறார்கள். இதில் நான் உடன்படவில்லை. தோலை இளக்குவது உள்ளே சுரக்கும் திரவம், வெளியே தெளிக்கும் தண்ணீர் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. உடம்பில் நீர்ச்சத்து இருந்தால்தான் அந்தத் திரவமும் இருக்கும், ரத்த அழுத்தமும் வரும். அந்த நீர் தட்டில் குடித்த தண்ணீரிலிருந்தும் சாப்பிட்ட பூச்சியிலிருந்தும் வர வேண்டும். ரெட் நீ வாழ்வது மெக்சிகோவின் பசிபிக் கரையோரம், ஹலிஸ்கோ, கொலிமா பக்கத்து வறண்ட காடுகளில். வருடத்தில் பாதி அங்கே சொட்டு மழை இருக்காது. தட்டை நிரப்பும்போது கொஞ்சம் வழியவிட்டு ஒரு மூலையை மட்டும் நனைத்தால் போதும், வேண்டுமானால் அதுவே அங்கே போய் உட்காரும். தினமும் ஸ்பிரே அடித்தால் பூஞ்சையும் சிற்றுண்ணியும்தான் வளரும், அதுவும் காற்றோட்டம் இல்லாத தொட்டியில்.

எந்த ஊர்ச் சிலந்தி என்பதைப் பொறுத்து இது மாறும். தென்கிழக்காசியாவின் வளைத் தோண்டிகளுக்கு ஒரு சாண் ஆழமாவது ஈர மண் வேண்டும், மேலே காய்ந்தாலும் அடியில் காயக் கூடாது. மரத்தில் வாழும் அவிகுலாரியா வகைக்கு நெட்டையான தொட்டி, கொஞ்சம் மண், நிறையக் காற்று. ஈரம் வேண்டும் என்று காற்றை அடைத்து வைத்ததால்தான் அந்த வகையில் பாதிக் குட்டிகள் சாகின்றன என்பது என் எண்ணம்.

நீலக்கால்

நிறம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, எனக்கு அதில்தான் உயிர்.

உங்கள் ரெட் நீ உரித்து வெளியே வந்ததும் பாருங்கள், தலைமார்பின் கறுப்பும் முட்டியின் ஆரஞ்சும் அன்று இருப்பது போல வேறு நாளில் இருக்காது. நிறம் முடியில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் முடி தேய்கிறது, உதிர்கிறது, தூசி படிகிறது, வெளிறுகிறது. உரித்ததும் மொத்த முடியும் புதிது. வழுக்கையும் மறைந்துவிடும்.

ஒவ்வொரு உரிப்பிலும் அதே நிறம்தான் திரும்ப வரும் என்று இல்லை. மார்டினிக் தீவின் கரிபேனா வெர்சிகலர் குட்டி முழுக்க நீலம். வளர வளர ஒவ்வொரு சட்டையிலும் நீலம் குறைந்து, பெரிதாகும்போது தலைமார்பு பச்சை, வயிறு சிவப்பு, கால்களில் ஊதா கலந்த ரோஸ் முடி. கிராமோஸ்டோலா புல்க்ராவின் குட்டியைப் பார்த்தால் பழுப்பாக ஒன்றுமில்லாத ஒரு பூச்சி, வளர்ந்தால் வெல்வெட் கறுப்பு. வெனிசுவேலாவின் கிரீன் பாட்டில் புளூ குட்டிக்கு ஆரஞ்சு வயிற்றில் கறுப்புக் கோடுகள் இருக்கும், பெரிதானதும் கோடு மறைந்து கால்கள் நீலமாகும். அதனால் குட்டியின் படத்தை மட்டும் பார்த்து இனம் மாற்றி விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், மூன்று நான்கு சட்டை பொறுங்கள்.

நீலம் மட்டும் தனி ரகம். அது சாயம் அல்ல, முடியின் உள்ளே இருக்கும் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டு வரும் நிறம். டரான்டுலாக்களில் நீலம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. கிரீன் பாட்டில் புளூ உரித்துப்போட்ட காலி சட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், அதிலும் நீலம் மின்னும்.

இன்னொன்று. கடைச் சீட்டில் பிராக்கிபெல்மா ஸ்மித்தி என்று எழுதியிருக்கும். 2017இல் இனப்பிரிவைச் சரிபார்த்தபோது, செல்லப்பிராணியாகப் பரவியிருக்கும் ரெட் நீ பெரும்பாலும் பிராக்கிபெல்மா ஹமோரி என்று தெரிந்தது. ஸ்மித்தி அதற்குத் தெற்கே குரேரோ, வஹாக்கா பக்கத்தது. வளர்ப்பு முறையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை, இணை சேர்க்க நினைத்தால் மட்டும் இது முக்கியம்.

சென்னைப் பையன்

அண்ணா எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரெட் நீ விலை கட்டுப்படியாகவில்லை. நம் ஊர்க் காட்டிலேயே பெரிய மரச்சிலந்தி இருக்கிறதாமே, ராமேஸ்வரம் பக்கம் ஒன்று, ஆந்திராவில் நீலமாக ஒன்று. ஒன்றைப் பிடித்து வந்து வளர்க்கலாமா?

நீலக்கால்

வேண்டாம் தம்பி. நீங்கள் சொல்கிற இரண்டும் பொயிசிலோதீரியா பேரினம். ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் தோப்பில் கண்டுபிடித்து 2004இல் பெயர் வைத்த இனமும், ஆந்திராவின் கூட்டி என்ற ஊரின் பெயரைச் சுமக்கும் அந்த நீலச் சிலந்தியும் அழிவின் விளிம்பில் இருப்பவை என்று சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. கூட்டி சிலந்தியை 1899இல் ரயில்வே மரக்கிடங்கில் கண்டெடுத்த பிறகு நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை, 2001இல்தான் நந்தியால், கித்தலூர் நடுவே இருக்கும் காட்டில் மறுபடி கண்டார்கள். இருப்பதே துண்டு துண்டான கொஞ்சம் காடு. அந்தக் காட்டில் ஒரு வயது வந்த பெண்ணைப் பிடித்துக் கொண்டுவந்தால் அதன் பின்னால் வரவேண்டிய குட்டிகள் அத்தனையும் போய்விட்டன.

சட்டமும் இருக்கிறது. 2019இல் இந்தப் பேரினம் முழுவதும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலுக்குப் போனது. பிராக்கிபெல்மா அதற்கும் முன்பே அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், அதற்கான விதிகள் 2024இல் வந்தன. விலை குறைவு என்று யாராவது காகிதமே இல்லாமல் தந்தால் வாங்காதீர்கள்.

இன்னும் ஒன்று, இந்த மரச்சிலந்திகளுக்கு ரெட் நீ போல எதிரி மேல் உதைத்து வீசும் அரிப்பு முடி கிடையாது, அதனால் நேரே கடிக்கும், ஓட்டமும் மின்னல். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் விடாது. முதல் சிலந்தியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். காட்டிலேயே போய்ப் பாருங்கள், ராத்திரி டார்ச் அடித்துப் பழைய புளியமரப் பொந்துகளைப் பொறுமையாகத் தேடினால் காலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தாலும் மனசு நிறைந்துவிடும்.

முட்டிச்சிவப்பு, பர்மிங்ஹாம்

எல்லோருக்கும் நன்றி, உரித்துவிட்டது! நேற்று இரவு பட்டு விரிப்பு நெய்து மல்லாந்தது, விளக்கை அணைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். காலையில் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு சிலந்தி கிடப்பது போலப் பழைய சட்டை. ஆரஞ்சு இவ்வளவு அழுத்தமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பல்லைப் பார்த்தேன், வெள்ளைதான். எல்லாக் காலும் ஒழுங்காக வந்திருக்கிறது, ஒன்று மட்டும் கொஞ்சம் வளைந்தாற்போல் வைத்திருக்கிறது. அதற்கு ஏதாவது செய்ய வேண்டுமா? சட்டையை எடுத்து ஆணா பெண்ணா என்று பார்க்க முடியுமா?

எட்டுக்கண்

ரொம்ப சந்தோஷம். காலுக்கு ஒன்றும் செய்யாதீர்கள். தோல் இறுகும் முன் அப்படித்தான் நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய தோல் ஒட்டியே நின்றுவிட்டால்தான் கவலை, அப்போதும் பிடித்து இழுக்கக் கூடாது. மெல்லிய தூரிகையில் வெதுவெதுப்பான தண்ணீரும் துளி கிளிசரினும் தொட்டு ஒட்டிய இடத்தில் மட்டும் தடவ வேண்டும். மோசமானால் அதுவே காலைக் கழற்றிப்போட்டுவிடும், அடுத்தடுத்த உரிப்புகளில் புதுக்கால் முளைத்துவிடும்.

சட்டையை இன்றே எடுத்துவிடுங்கள், அது சிலந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்தால் மட்டும், நீளமான இடுக்கியால். கையுறை போடுங்கள். உதைக்கும் முடி அந்தச் சட்டையிலும் பட்டு விரிப்பிலும் ஒட்டியிருக்கும், தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டிவரும்.

வயிற்றுப் பகுதி காய்ந்து கசங்கி இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி விட்ட தண்ணீரில் ஊறவைத்தால் இளகும், பிறகு ஈரத்தோடு கண்ணாடி மேல் போட்டுத் தூரிகையால் விரியுங்கள். உட்பக்கத்தில் நான்கு வெள்ளைத் திட்டுகள் தெரியும், அவைதான் ஏட்டு நுரையீரல்கள். மேலே உள்ள இரண்டுக்கும் நடுவில் குறுக்காக ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் மேல் அகலமாக ஒற்றை மடல் ஒன்று தனியாக எழும்பி நின்றால் பெண், ஆணின் விந்தைச் சேர்த்துவைக்கும் பை அது. ஊசி முனையால் மெல்ல நெம்பினால் தூக்கிக்கொண்டு வரும். ஒன்றும் இல்லாமல் வெறும் கோடாக இருந்தால் பெரும்பாலும் ஆண். பின்னால் விளக்கை வைத்து, போன் கேமராவில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், எல்லோரும் பார்த்துச் சொல்கிறோம். பெண் என்றால் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும், தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே பாருங்கள். ஆண் என்றால் வயதுக்கு வரும் உரிப்பில் முன்னங்காலின் அடிப்பக்கம் கொக்கி வரும், அதற்குப் பிறகு அதிக காலம் இருக்காது.

காயரும் மேல்மண்ணும் கலந்து உலர வைக்க இதுதான் நேரம். பல் கறுத்து, ஒருமுறை சாப்பிட்ட பிறகு மாற்றுங்கள்.